ஊருக்கான வயிறு

கண்ணாடியை எடுக்கக்கூடாது. எடுத்தால் வெளிச்சம் படும், காற்று படும், உயிரோடு இருக்கிற கொஞ்சநஞ்சமும் மிரண்டு, புழுவை வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை ஓடும், ஓடியே பாதி செத்துப்போகும். எடுக்காமலும் இருக்கக்கூடாது. எடுக்காவிட்டால் உள்ளே நடந்துகொண்டிருப்பது நடந்துகொண்டேதான் இருக்கும். சுடர்க்கொடி ஹாஸ்டல் அறையின் சிமெண்டுத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அவளுடைய எறும்புக்கூடு. ஸ்வீட் கடை டப்பாவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றி, அது இறுகுவதற்குள் ஸ்பூன் காம்பால் அறை அறையாகக் குடைந்து, மேலே ஒரு கண்ணாடி, அதற்கும் மேலே சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி மூடியது. சிவப்பு நிறம் எறும்புக்குத் தெரியாது. நமக்குச் சிவப்பு, அதற்கு இருட்டு. அந்த இருட்டில் கட்டெறும்புகள் மல்லாந்து கிடந்தன. சில கால்களை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு அடங்கியிருந்தன. சிலவற்றுக்கு ஒரு கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, தூக்கத்தில் போர்வையைத் தேடுகிற மாதிரி. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் குனிந்து பார்த்தபோது வாசலை ஒட்டிய அறையில் மட்டும்தான் இப்படி. இப்போது மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்துவிட்டது, கூட்டின் நடு அறை வரைக்கும் வந்துவிட்டது. அதைத் தாண்டி ஒரு சந்து, சந்தைத் தாண்டி ஈரம் நிற்கிற கடைசி அறை, அதில் ராணி. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். முதுகில், இறக்கை இருந்த இடத்தில், இரண்டு தழும்பு. முட்டையால் புடைத்த வயிற்றில் கறுப்புக்கு நடுவே வெளிறிய வரிகள். அவளுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று மனசுக்குள் சொல்லும்போதே 'இன்னும்' என்கிற வார்த்தை மட்டும் தனியாக ஒட்டிக்கொண்டு நின்றது, அதைத் துப்பவும் முடியவில்லை.

"யக்கா, நல்லதுக்குன்னுதான் போட்டேன்" என்றாள் பின்னால் நின்ற ஆக்னஸ். காலையிலிருந்து இதே வாக்கியம். ஆக்னஸ் அறைத்தோழி, எம்.ஏ. பொருளாதாரம் முதல் வருஷம், கடற்கரை ஊர்க்காரி. ஊருக்குப் போய்த் திரும்பினால் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து மாடி முழுக்க மணக்க வைப்பாள். எவள் தட்டில் குழம்பு குறைந்தாலும் தன் தட்டிலிருந்து ஊற்றுவாள். வேறு யாராவது செய்திருந்தால் சுடர்க்கொடிக்கு வசதியாக இருந்திருக்கும். கீழ்த்தளத்து ஃபிசிக்ஸ் சீனியர் செய்திருந்தால் இந்நேரம் ஹாஸ்டலே கிடுகிடுத்திருக்கும். சுடர்க்கொடி வார்டனோடு சண்டை போட்டிருக்கிறாள், பையன்கள் ஹாஸ்டல் கேட் ஒன்பதரைக்கு மூடுது, எங்க கேட் ஆறரைக்கு ஏன் மேடம் மூடணும், எங்களுக்கு மட்டும் ராத்திரி சீக்கிரம் வருதா என்று. கண்டக்டரோடு போட்டிருக்கிறாள், பேராசிரியரோடு போட்டிருக்கிறாள், அவளுக்கு ஆகாத கட்சியின் துண்டுப் பிரசுரம் கொடுத்த பாவத்துக்கு ஒரு பெரியவரை வெயிலில் நிறுத்தி வைத்துப் போட்டிருக்கிறாள். இப்போது அத்தனை கோபம் வந்து நிற்கிறது, இறக்கி வைக்க ஒரு முகம் இல்லை. "எங்க இருந்து எடுத்தன்னு மட்டும் சொல்லு" என்றாள் திரும்பாமலே. "மெஸ்ஸுக்குப் பின்னால, கை கழுவுற எடத்துல கெடந்துச்சு. உயிரோடதான் யக்கா கெடந்துச்சு, மாதா சத்தியமா. காலு ஆடிக்கிட்டே இருந்துச்சு. காஞ்சதப் போடாத, புதுசாப் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்குக் கரப்பான்னா எப்படி நடுங்கும்னு ஒங்களுக்குத் தெரியும்லா. கண்ண மூடிக்கிட்டு பேப்பர்ல புடிச்சுத் தூக்கிட்டு வந்தேன்." "ஏன் கால் ஆடிச்சுன்னு யோசிக்கலையா?" "உயிர் இருந்தா ஆடும்லா?" என்றாள் ஆக்னஸ். உயிர் இருந்தால் ஆடும்தான். மெஸ் சாக்கடையில் மருந்து அடித்திருக்கிறார்கள், அதைக் குடித்துவிட்டுக் கரப்பான் அங்கே மல்லாந்திருக்கிறது, அது ஆக்னஸ் கையோடு மாடியேறி வந்து எறும்புக்குச் சோறாகியிருக்கிறது. மருந்து அடித்த சங்கதியையே காலையில் பாத்திரம் கழுவுகிற அக்கா சொல்லித்தான் தெரிந்தது. நோட்டீஸ் ஒட்ட வேண்டாமா? மனுஷிகள் சாப்பிடுகிற இடம் இல்லையா? கேட்கத்தான் போகிறாள், எழுதிக் கொடுக்கத்தான் போகிறாள். மனசுக்குள் வார்டனுக்கு மூன்று வரி எழுதியும் விட்டாள், நான்காவது வரியில் பாதிப்பு என்ன என்று எழுத வேண்டியிருந்தது. எறும்பு செத்துவிட்டது. வார்டன் மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு சொல்வது காதிலேயே கேட்டது. "அதுக்குத்தானம்மா மருந்தே."

ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு ஆக்னஸை உட்கார வைத்து எவ்வளவு சொல்லியிருப்பாள். சர்க்கரைத் தண்ணிப் பஞ்சைத் தினம் மாத்து, புளிச்சுப்போனா வயிறு கெடும். கூட்டோட வச்சிருக்கிற டியூபுக்குள்ள தண்ணி வத்துதான்னு பாரு, சோறு இல்லாமக் கெடக்கும், தண்ணி இல்லாமக் கெடக்காது. மேசையத் தட்டாத, கதவ அறையாத, அதுங்களுக்குக் காது கிடையாது, காலாலதான் கேக்கும். டப்பா விளிம்புல பவுடரும் ஸ்பிரிட்டும் குழைச்சுத் தடவியிருக்கிற வெள்ளைப் பட்டையில விரல் படாம பாத்துக்க, அது அழிஞ்சா ஏறி வெளிய வந்துடும், வந்துச்சுன்னா வார்டன் என்னையும் சேத்து வெளிய தள்ளிடுவாங்க. கடிக்கும், கொட்டாது. கடிச்ச இடத்துல புளிப்பா ஒண்ணு பீச்சும், சோப்புப் போட்டுக் கழுவு, செத்துப்போயிட மாட்ட. ஆக்னஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி. அத்தனை வார்த்தை பேசினவள், தானாகச் செத்ததை, எப்படிச் செத்தது என்று தெரியாததைப் போடாதே என்று ஒரே ஒரு வரியைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே இருக்கவில்லை, தண்ணீர் நனைக்கும் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? பேச்சு பேச்சென்று உயிரை வாங்குபவள் என்று வகுப்பில் பேர் வாங்கியவளுக்கு, வேண்டிய இடத்தில் ஒரு வரி குறைந்துவிட்டது. இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்த வரி வந்து நிற்கிற இடம் இவள் வாசல்தான். இல்லை, மருந்து அடித்தவன். இல்லை, நோட்டீஸ் ஒட்டாதவர்கள். இல்லை, அக்காவின் வளைகாப்புக்கு வராவிட்டால் செத்துப்போவேன் என்று போனில் அழுத அம்மா. அம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்தாயிற்று. அடுத்து அக்கா வயிற்றில் இருக்கிற குழந்தையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

அது ஐப்பசி அடைமழையில் பிடித்த ராணி. ஹாஸ்டல் போர்டிகோ லைட்டைச் சுற்றி இறக்கை எறும்புகள் மொய்த்து விழுந்துகொண்டிருந்தன, பெண்கள் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு அலறி ஓடினார்கள். இது மட்டும் இறக்கையை ஏற்கெனவே உதிர்த்துவிட்டு, ஈரப் படியில் எதையோ தொலைத்தவள்போல நடந்துகொண்டிருந்தது. பறப்பது வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான், அன்றைக்கே முடிந்துபோகும், அன்று சேர்த்ததை வைத்து ஆயுசுக்கும் முட்டையிட வேண்டும். மாத்திரை டப்பாவில் ஏந்தி, மறுநாள் சோதனைக் குழாயில் விட்டாள். அடியில் தண்ணீர், தண்ணீரை அடைத்து ஒரு பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு, சுற்றிலும் கறுப்புத் துணி, அப்படியே அலமாரிக்குள். சோறு போடக்கூடாது. போட்டாலும் சாப்பிடாது. பறப்பதற்கென்று முதுகில் வைத்திருந்த சதையை உள்ளுக்குள்ளேயே கரைத்து, வாயால் எடுத்துப் புழுக்களுக்கு ஊட்டும். பார்க்கவும் கூடாது, அதுதான் கஷ்டம். அடிக்கடி துணியை விலக்கிப் பார்த்தால், இந்த இடம் சரியில்லை என்று தன் முட்டையைத் தானே தின்றுவிடும். அந்த மழையில் பிடித்த மற்ற ராணிகள் எல்லாம் அப்படித்தான் போயின. ஒன்று முட்டையைத் தின்றது, ஒன்று பூஞ்சை பிடித்து வெள்ளையாய்க் கிடந்தது, ஒன்றுக்குக் காரணமே இல்லை. இது ஒன்றுதான் நின்றது. ஒன்றிலிருந்து ஒரு குடி வந்தது. முதலில் பிறந்தவை நோஞ்சான் குட்டிகள், பிறகு தரமானவை, பிறகு பெரிய தலைக்காரிகள், ஆக்னஸ் அவர்களுக்கு 'வாட்ச்மேன் அக்கா' என்று பேர் வைத்தாள். எல்லாம் பெண். ராணி என்பது பேருக்குத்தான், ஒரு உத்தரவு போட்டு இவள் பார்த்ததில்லை. அந்தக் குடி எப்படி வளர்கிறது என்பதுதான் இவளுடைய பிஎச்.டி. கைடு குருபாதம் சாருக்கு அது பிடிக்கவே இல்லை. "எறும்ப வளர்த்து என்னம்மா செய்யப் போற? தச்செறும்புன்னு வெள்ளைக்காரன் ஊருல அதுக்குப் பேரு, வீட்டு உத்தரத்தையே குடைஞ்சு போட்டுடும். அதக் கொல்றதுக்கு ஒரு வழி சொல்லு, ஃபண்டு நாளைக்கே வரும்." "சார், அது மரத்தத் தின்னாது, குடைஞ்சு தூளை வெளிய கொண்டுவந்து கொட்டும். திங்கிறது கரையான். நம்ம ஊர்க் கட்டெறும்பு முக்கால்வாசி மண்ணுலயும் வேரடியிலயும்தான் இருக்கு. கரையான் செஞ்சதுக்கு இதத் தூக்குல போடுவீங்களா?" "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த பிஎச்.டி. கமிட்டிக் கூட்டத்துக்குள் இந்தக் குடி நிலைத்து நின்றால் தலைப்பை மாற்றச் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார். ராணி இருந்தால் குடி இருக்கிறது என்று சாதிக்கலாம். தொழிலாளிகள் செத்தாலும் ராணி மறுபடி இடுவாள். ராணி போய்விட்டால் அடுத்த ராணி அடுத்த மழைக்குத்தான், அதுவும் வந்தால். அதற்குள் இவள் விஷம் காய்ச்சக் கற்றுக்கொண்டிருப்பாள், சம்பளத்தோடு. ஆனால் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மனசில் இருந்தது கமிட்டி இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. கட்டெறும்பு ராணி பத்து வருஷம் கூட இருக்கும். முப்பத்தைந்து வயசில், எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தாலும், ஜன்னலோரம் அவளும் இருப்பாள் என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

போன் அதிர்ந்தது. தரையில் வைத்திருந்ததால் கூடும் அதிர்ந்தது, கடைசி அறையில் ராணியின் உணர்கொம்புகள் விறைத்து நின்றன. பாய்ந்து கையில் எடுத்தாள். அம்மா. "போய்ச் சேந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியாடி? சாப்டியா?" "சாப்ட்டேன்." "என்ன சாப்ட்ட?" "அம்மா, அப்புறம் பேசறேன்." "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? பையில தேங்காச் சோறு கட்டி வச்சனே, கெட்டுப்போறதுக்குள்ள கூட இருக்கற பொண்ணுக்கும் குடு." வைத்துவிட்டாள். முந்தாநாள் இந்நேரம் அரூரில் அக்காவை மனையில் உட்கார வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று ஆளுக்கொரு வாய் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு மூச்சு முட்டியது. போதும் போதும் என்று கண்ணால் கெஞ்சினாள், வேண்டாம் என்று சொல்ல வாய் காலியாக இல்லை. இவள் ஓரத்தில் நின்று பொருமினாள், அவ சாப்பாடு அவளுக்குத் தெரியாதா, கை இல்லையா. பெரியம்மா சும்மா விடவில்லை. "எறும்பு ராணின்னு ஒண்ணு வச்சிருக்கியாமே, அதுக்கும் வளகாப்பு உண்டாடி? ஆறு கைக்கும் வளையல் போடணும், கட்டுப்படி ஆகாது." கூடம் குலுங்கிச் சிரித்தது. சிரித்த கையோடு இவள் மணிக்கட்டிலும் ஒரு ஜோடி பச்சை வளையலை ஏற்றிவிட்டார்கள், அதைக் கழற்றக்கூட இன்னும் தோன்றவில்லை. அங்கே அத்தனை கைகள் ஊட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் இங்கே ஆக்னஸ் கண்ணை மூடிக்கொண்டு கரப்பானைப் பேப்பரில் பிடித்திருப்பாள். வேண்டாம், அதோடு இதை முடிச்சுப் போட வேண்டாம். அக்கா அக்காதான், எறும்பு எறும்புதான். எதைப் பார்த்தாலும் மனுஷன் தன் கதையைத்தான் பார்க்கிறான், அந்தக் கெட்ட பழக்கம் இல்லாமல் ஒரு உயிரை அதுவாகவே பார்க்க வேண்டும் என்றுதானே இந்தப் படிப்புக்கு வந்தது. எறும்பை எறும்பாகப் பார்த்தால் என்ன தெரிகிறது? அதற்கு இரண்டு வயிறு. ஒன்று பின்னால், சின்னது, தனக்கு. ஒன்று முன்னால், பெரியது, ஊருக்கு. வெளியே போகிறவள் குடிப்பது முதலில் ஊருக்கான வயிற்றில்தான் நிற்கும். கூட்டுக்குள் வந்ததும் பசித்தவள் கொம்பால் கன்னத்தைத் தட்டுவாள், இவள் வாயைத் திறப்பாள், ஒரு துளி இந்த வாயிலிருந்து அந்த வாய்க்குப் போகும், அங்கிருந்து இன்னொரு வாய்க்கு. முன்பு ஒரு தடவை சர்க்கரைத் தண்ணீரில் நீலச் சாயம் கலந்து வைத்தாள். குடித்தது கைவிரலுக்குள் அடங்குகிற சிலர்தான், மறுநாள் கூட்டில் எல்லா வயிறும் நீலம். கடைசியாக ராணியின் வரிகளுக்கு நடுவிலும் மெல்லிய நீலம். அன்றைக்குக் கைதட்டி ஆக்னஸைக் கூப்பிட்டுக் காட்டினாள், ஆக்னஸ் தூக்கக் கலக்கத்தில் "நீலமா இருக்குல்லா, அழகுதான்" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆக, இதில் யார் தின்றார்கள், யார் தின்னவில்லை என்கிற கேள்வியே கிடையாது. ஒருத்தி தின்றால் ஊரே தின்றது. வாசல் அறையில் கிடப்பவர்கள் முதல் வாய். நடு அறையில் கிடப்பவர்கள் இரண்டாவது. ராணியைச் சுற்றி நின்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்களே, நன்றாக நடமாடுகிறார்களே, அவர்களுடைய முன்வயிற்றில் இருப்பது என்ன? வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுகிற மருந்து மற்ற பூச்சியைத் தனித்தனியாகத்தான் கொல்ல முடியும். இதுகளை மட்டும் ஒன்றுக்கொன்று ஊட்டிவிடுகிற வழக்கமே வீடு வீடாகப் போய்க் கொல்லும்.

"மருந்து குடிச்சதுதான செத்துச்சு? மிச்சம் இருக்கிறது பொழச்சுக்கிடும்லா யக்கா?" என்றாள் ஆக்னஸ். அவள் இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள், முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு. கண் வீங்கியிருந்தது. சொல்லிவிடலாம். நீ போட்டது ஒரு கரப்பான் இல்லை ஆக்னஸ், எல்லாருக்கும் போட்டிருக்கிறாய், ஊட்ட ஊட்டப் போகும், நல்ல எறும்பாக இருக்கிறவள்தான் அதிகம் கொல்லுவாள். நாக்கு வரைக்கும் வந்தது. உண்மையைச் சொல்லாமல் இருப்பது இவளுக்குத் தெரியாத வித்தை, அம்மாவிடம் சாப்பாட்டு விஷயத்தில் தவிர. ஆனால் சொன்னால் இந்தப் பிள்ளை என்ன ஆவாள்? நாளை முதல் எவள் தட்டில் குழம்பு ஊற்றப் போனாலும் தன் தட்டைப் பாதியிலேயே இழுத்துக்கொள்வாள். "பாப்பம்" என்றாள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது, காலையிலிருந்து அதைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். ராணியை அவளைக் கவனித்துக்கொள்கிறவர்களிடமிருந்து பிரிக்க வேண்டும். தனியாக எடுத்துப் புதுக் குழாயில் விட வேண்டும். ஆனால் கரைத்துக் கொடுக்க முதுகுச் சதை இப்போது ராணியிடம் இல்லை, அது முதல் பிள்ளைகளோடு தீர்ந்துவிட்டது. ஊட்டி ஊட்டிப் பழக்கப்பட்டவள் தானாகச் சர்க்கரைத் தண்ணீரில் வாய் வைப்பாளா? வைக்கலாம், வைக்காமலும் போகலாம். கூடவே பொதிகளை எடுத்து விடலாம். புழு தன்னைச் சுற்றி இழை நூற்று மூடிக்கொண்ட பழுப்புப் பொதிகள், பார்லி அரிசி மாதிரி, கடைசி அறைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வாயே திறக்காது, போன வாரத்திலிருந்து ஒரு துளி போயிருக்காது. இந்த ஊரில் சுத்தமான வயிறு அவர்களுடையது மட்டும்தான். ஆனால் பொதியை வெளியிலிருந்து அக்காமார் கடித்துப் பிரித்துவிட வேண்டும், தானாக வரத் தெரியாது. ஊசியால் இவள் பிரிக்கலாம். இரண்டு தடவை பிரித்திருக்கிறாள், ஒன்று கால் கோணிப் பிறந்து செத்தது, ஒன்று பிழைத்தது. அவர்கள் பிறந்து கறுத்து நடக்கிற வரைக்கும் ராணி தாங்கினால். கரப்பானைப் போட்ட முந்தாநாள் மத்தியானத்திலிருந்து இன்று வரை அவளுக்கு யாரும் ஊட்டாமல் இருந்திருந்தால். இந்த இரண்டாவது 'ஆல்' வரும்போதெல்லாம் மனசு சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்கி, சீலிங் ஃபேனையும் கொடியில் காய்கிற ஆக்னஸின் நீல டவலையும் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கண்ணாடியை எடுக்கக்கூடாது. எடுக்காமலும் இருக்கக்கூடாது.

வளையலைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். "ஜன்னலச் சாத்து. போன் டார்ச்ச அடி, நேரா அடிக்காத, சுவத்துல அடி. மூச்ச அது மேல விடாத." ஆக்னஸ் ஒவ்வொன்றையும் செய்தாள். கண்ணாடியை நகர்த்தியதும் புளிப்பு வாடை குப்பென்று எழுந்து மூக்கைச் சுட்டது. இருக்கிற எல்லோரும் ஒரே சமயத்தில் பயந்தால் அறைக்குள் அந்த வாடைதான் வரும். இரண்டு பெரிய தலைக்காரிகள் நடக்க முடியாமல் நடந்து வந்து தாடையை விரித்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தி நிற்கும்போதே சாய்ந்தாள். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் அவர்களை ஒதுக்கினாள். ஒதுக்கும்போது மன்னிச்சுக்கோ என்று வாய் தானாக முணுமுணுத்தது, எறும்பை எறும்பாகப் பார்க்கிறவளின் வாய். பொதிகளை முதலில் எடுத்தாள், ஒவ்வொன்றாக, நுனிப் பிரஷ்ஷில் ஒட்டி. ஒரு பொதியை ஒருத்தி விடவே மாட்டேன் என்றாள், பொதியோடு பிரஷ்ஷில் தொங்கினாள், உதறி விட்டுத்தான் எடுக்க முடிந்தது. பிறகு ராணி. சுற்றியிருந்தவர்கள் அவள்மேல் ஏறி மூடிக்கொண்டார்கள், தங்கள் உடம்பால் ஒரு மூடி செய்வதுபோல. பிரஷ்ஷால் ஒருத்தியைத் தள்ளினால் இன்னொருத்தி வந்தாள். விரலைக் கடித்தார்கள், கடித்த இடத்தில் எரிந்தது, இழுத்துக்கொள்ளவில்லை. "யக்கா, ரத்தம்." "பரவால்ல, டார்ச்ச ஆட்டாத." குழாயின் வாயை ராணியின் முகத்தருகே வைத்துக் காத்திருந்தாள். இருட்டான ஓட்டையைக் கண்டால் ராணிக்குப் போகத் தோன்றும், தள்ளக்கூடாது. ராணி நின்றாள், கொம்பால் விளிம்பைத் தடவினாள், பின்வாங்கினாள், மறுபடி தடவினாள். பிறகு, ஒரு பெரிய உடம்பு குனிந்து வாசல் நுழைவதுபோல, மெதுவாக உள்ளே போனாள். பின்னங்காலைக் கவ்விக்கொண்டு ஒருத்தியும் கூடவே போனாள்.

அவளைப் பிரித்து எடுக்க முடியவில்லை. பிரஷ்ஷால் நெம்பினாள், ஊசியால் தொட்டாள், அவள் தாடை இன்னும் இறுகியது, ராணியின் கால் பின்னால் நீண்டு விறைத்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் கால் வந்துவிடும். "விடுங்க யக்கா" என்றாள் ஆக்னஸ். "ஒண்ணாச்சும் கூட இருக்கட்டும். பாவம்லா, தனியாக் கெடந்தா பயந்துக்கிடாதா? இது நல்லாத்தான இருக்கு, நடக்குதுல்லா, ஆடக்கூட இல்ல." சுடர்க்கொடி அந்த எறும்பைப் பார்த்தாள். நடுத்தர உடம்பு, மினுமினுப்பான தலை, நடுக்கம் இல்லை. வயிறு கொஞ்சம் பருத்துத்தான் இருந்தது, வரிகள் விரிந்து. பருத்திருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது பழைய சர்க்கரைத் தண்ணீராகவும் இருக்கலாம், ஏன் இருக்கக்கூடாது, பஞ்சில் எப்போதும் சர்க்கரைத் தண்ணீர் இருந்ததே. இவள் ஒருத்தி சுத்தமாக இருந்தால் பொதி பிரிக்க ஊசி வேண்டாம், ராணி தானாகக் குடிக்க வேண்டாம், எல்லாம் தன்னால் நடக்கும். இப்படி ஒரு வாதத்தை வேறு யாராவது சுடர்க்கொடி முன்னால் வைத்திருந்தால் மூன்று வாக்கியத்தில் கிழித்துப் போட்டிருப்பாள், உனக்கு வேண்டியதை நம்புகிறாய், ஆதாரம் எங்கே என்று. ஊசியைக் கீழே வைத்தாள். குழாய் வாயில் பஞ்சை அடைத்தாள். வெளியே, கூட்டுக்குள், மிச்சமிருந்தவர்கள் ராணி இருந்த காலி இடத்தை வட்டமிட்டுத் தடவிக்கொண்டிருந்தார்கள், அங்கே அவள் வாசனை இன்னும் இருக்கும்.

இரண்டு பேரும் தரையில் படுத்துக்கொண்டு, குழாயை ஜன்னல் இடுக்கு வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார்கள். பார்க்கக்கூடாதுதான். கொஞ்ச நேரம் ராணி அசையவில்லை. பிறகு பொதிகளிடம் போனாள், ஒவ்வொன்றாகத் தொட்டாள், ஒன்றை வாயில் தூக்கி ஈரப் பஞ்சின் ஓரமாக வைத்தாள். காலைக் கவ்வியிருந்தவள் அப்போதுதான் பிடியை விட்டாள். விட்டவள் கவ்விய இடத்தை நக்கிச் சுத்தம் செய்தாள். முதுகுத் தழும்பு வரைக்கும் ஏறித் துடைத்தாள். இறங்கி முகத்துக்கு எதிரே வந்து நின்றாள். ராணியின் கொம்புகள் நீண்டு அவள் கன்னத்தைத் தட்டின, மெதுவாக, பிறகு வேகமாக. சுடர்க்கொடியின் கை பிரஷ்ஷைத் தேடியது. பஞ்சை இழுத்துவிட்டு இடையில் நுழைக்க நேரம் இருந்தது. நுழைத்து ஒதுக்கினால் மறுபடி வருவாள், மறுபடி ஒதுக்க வேண்டும், சாயங்காலம் முழுக்க, ராத்திரி முழுக்க, அந்த எறும்பு தன் ராணிக்குச் சோறு போடுவதை விடும்வரை. அவள் தாடைகள் விரிந்தன. இரண்டு வாய்க்கும் நடுவே ஒரு துளி உருண்டு நின்று, வெளிச்சத்தை வாங்கி, பெரிதாகி, போனது. "சாப்பிடுது!" என்று ஆக்னஸ் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். சுடர்க்கொடியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். காலையிலிருந்து முதல் தடவையாக அந்த முகம் தெளிந்திருந்தது. "யக்கா, சாப்பிடுது பாருங்க! நான் ரெண்டு ஜெபமால சொன்னேன் யக்கா, வீண் போகல. பொழச்சுக்கிட்டுல்லா? சொல்லுங்களேன், பொழச்சுக்கிட்டுல்லா?" குழாய்க்குள் இன்னொரு துளி. ராணி கொம்பைத் தாழ்த்தி, பசித்தவள் குடிக்கிற மாதிரி நிதானமில்லாமல் குடித்தாள். சுடர்க்கொடி பிரஷ்ஷைத் தரையில் வைத்தாள். "ஆமா" என்றாள். "நல்லா சாப்பிடுது."